ஒரிஜினலுக்கு மஞ்சள் வைக்காதீர்கள்

முதலில் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்திய அரசாங்கம் எனக்கு மனமிரங்கிக் கொடுத்த ஒரு முக்கியமான புத்தகத்தை நான் துணி சோப்புப் போட்டுத் துவைத்திருக்கிறேன். கையால்தான் துவைத்தேன், மெஷினில் போடவில்லை. (அந்த அளவுக்காவது அறிவு வேலை செய்தது என்று எனக்கு ஒரு மார்க் போட்டுக்கொள்ளுங்கள்.) துவைத்ததோடு விடாமல் கொடியில் கிளிப் மாட்டிக் காயவும் போட்டேன். எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது.

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், கிள்ளானில். அங்கே ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் கணக்கு வேலை பார்த்தேன். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருந்த பாலா என்கிற செம்பூர்த் தமிழரைப் பார்த்து, பிடித்துப்போய், கட்டிக்கொண்டு மும்பைக்கு வந்து சேர்ந்தேன். வந்த பிறகுதான் உறைத்தது. மனைவி விசாவில் வந்தவள் சமைக்கலாம், பெருக்கலாம், மாமியாரோடு உட்கார்ந்து சீரியல் பார்த்து அழலாம். சம்பளத்துக்கு வேலை மட்டும் பார்க்கக் கூடாது. ஓசிஐ, அதாவது ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா, என்று ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சத்தாருக்கும் இந்தியரைக் கட்டிக்கொண்டவர்களுக்கும் கொடுப்பது. அது கையில் இருந்தால் காலம் முழுக்க இங்கே தங்கலாம், வேலையும் பார்க்கலாம். ஆனால் வம்சத்தை நிரூபிக்கத் தாத்தா காலத்துப் பேப்பர் எதுவும் எங்களிடம் இல்லாததால் எனக்குக் கல்யாண வழி மட்டும்தான், அதில் விண்ணப்பிக்கக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகவேண்டும். (“பேருதான் ஓசி, ஃபீஸ் பாத்தியா?” என்று பாலா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அவர் ஒருவர்தான் சிரிப்பார்.)

அந்த இரண்டு வருடமும் எங்கள் பில்டிங்கில் எனக்குப் பெயரே இல்லை. காய்கறிக்காரருக்கு நான் ‘மலேசியாவாலி பாபி’, அதாவது மலேசியாக்கார அண்ணி. வாட்ச்மேனுக்கு ‘மூணாவது மாடி மலேசியா’. கூரியர்க்காரர்கூட கீழே நின்று ‘மலேசியா’ என்று கூவுவார், ஏதோ நான் முழு நாட்டையும் சூட்கேஸில் வைத்துக் கொண்டுவந்தது போல. கிள்ளானில் என் மேஜையில் புவனேஸ்வரி என்று பலகையே இருந்தது. மாத முடிவில் கணக்கு இடித்தால் மேனேஜர் என்னைத்தான் தேடுவார். இங்கே என்னைத் தேடுகிற ஒரே ஜீவன் எங்கள் வீட்டுக் குக்கர். எனக்கு ஒரு வேலை வேண்டும் என்கிற ஆசை, பிள்ளைத்தாய்ச்சிக்கு மாங்காய் மேல் வருகிற ஆசை போல ஆகிவிட்டிருந்தது.

ஒருவழியாக ஓசிஐ வந்தது. பாஸ்போர்ட் அளவில் ஒரு சின்னப் புத்தகம். உள்ளே என் போட்டோ: காது இரண்டும் தெரிய, சிரிக்காமல், பொட்டில்லாமல். பொட்டு வைக்கக் கூடாதென்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஸ்டூடியோக்காரர் “எதுக்கும் எடுத்துடுங்க” என்றார், நானும் எடுத்துவிட்டேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விக்ரோலியில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் வேலை கிடைத்தது. இன்டர்வியூவில் பேப்பர் எல்லாம் சரியாக இருக்குமா என்று கேட்டபோது நான் காலை ஆட்டிக்கொண்டு, “நோ ப்ராப்ளம் சார், எல்லாம் பக்கா” என்று சொன்னேன். அப்படிச் சொன்னபோதே வீட்டுப் பல்லி கொட்டியிருக்க வேண்டும், விக்ரோலிக்குக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பேப்பர்களோடு போனேன். எச்.ஆரில் நிலேஷ் என்று ஒரு பையன் இருந்தார். நல்ல மனிதர், பாவம், சாப்பிடாத முகம். நாங்கள் பேசியது இந்தியில். என் இந்தி முழுக்கக் காய்கறிக்காரரிடம் கற்றுக்கொண்டது, அதனால் எதைப் பேசினாலும் பேரம் பேசுகிற தொனியில்தான் வரும், எல்லாரையும் ‘பையா’ (அண்ணா) என்றுதான் கூப்பிட வரும்.

“மேடம், மலேசியன் பாஸ்போர்ட். ஒர்க் விசா எங்கே?” என்றார்.

“ஒர்க் விசா வேண்டாம் பையா. ஓசிஐ இருக்கு.”

அவர் புத்தகத்தைப் புரட்டினார். “இதுல ஓவர்சீஸ்னு போட்டிருக்கு. நீங்க இங்கதானே இருக்கீங்க?”

“இங்க இருக்கறதுக்குத்தான் அது.”

“அப்ப சிட்டிசனா?”

“இல்ல. ஆனா அது மாதிரி.”

“ஃபாரினரா?”

“ஆமா. ஆனா அது மாதிரி இல்ல.”

நிலேஷ் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் இரண்டே கட்டம்தான் இருந்தது. ஒன்று இந்தியர், இன்னொன்று வெளிநாட்டவர். முதலாவதை அழுத்தினால் ஆதாரும் வோட்டர் கார்டும் கேட்டது. இரண்டாவதை அழுத்தினால் ஒர்க் விசா நம்பர் கேட்டது. என் மாதிரி ஆட்களுக்கு நடுவில் ஒரு கட்டம் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

“கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க பையா, ரெண்டு வருஷமா வீட்ல இருக்கேன்” என்றேன். அதாவது கெஞ்சினேன். காதில் விழுந்தது என்னவோ தக்காளிக்கு விலை குறைக்கச் சொன்ன மாதிரி இருந்தது.

அவர் புத்தகத்தை ஸ்கேன் எடுத்துக்கொண்டார். தலைமை ஆபீஸிலிருந்து லீகல் பார்க்கிற ஷிண்டே மேடம் திங்கட்கிழமை காலை வருவதாகவும், ஒரிஜினலோடு வந்து அவர்கள் முன்னால் காட்டினால் அன்றைக்கே சேர்ந்துகொள்ளலாம் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அடுத்த கேண்டிடேட் ரெடியா இருக்காங்க மேடம். அவங்ககிட்ட பேப்பர் ஃபுல் செட் இருக்கு” என்றார். முகம் தெரியாத அந்தப் பெண்ணின் ஃபுல் செட்டை நினைத்து விக்ரோலியிலிருந்து செம்பூர் வரைக்கும் வயிறெரிந்துகொண்டே வந்தேன்.

சனிக்கிழமை முழுதும் போர்க்கால நடவடிக்கை. ஓசிஐ உள்ளவர் தனியாக வேலை அனுமதி வாங்கத் தேவையில்லை என்கிற அரசாங்க விதியைத் தேடியெடுத்து பிரிண்ட் போட்டேன். முக்கியமான வரிகளுக்கு அடியில் கோடு கிழித்தேன். ஆபர் லெட்டர், விதி, ஓசிஐ எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் அடுக்கி ஹால் மேஜையில் வைத்தேன். பாஸ்போர்ட் மட்டும் சோம்பேறித்தனத்தால் கைப்பையிலேயே கிடந்தது. என் வாழ்க்கையில் சோம்பேறித்தனம் உருப்படியாக உதவியது அந்த ஒரு முறைதான்.

இங்கே என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தைக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி தாராவிக்கு வந்து, பிறகு குடும்பத்தோடு செம்பூருக்கு மாறியவர். நான் வேலைக்குப் போவதில் என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம். ‘மருமவ கப்பல் கம்பெனியில ஆபீசரு’ என்று கீழ்வீடு வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். (சரக்கு லாரிக் கம்பெனி அத்தை, கணக்கு வேலை அத்தை என்று திருத்திப் பார்த்தேன். கப்பலை அவர் விடுவதாக இல்லை.)

ஞாயிற்றுக்கிழமை நான் கொஞ்சம் நேரம் கழித்து எழுந்து வந்தேன். சாமி அலமாரியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊதுபத்தி மணம். விளக்குக்கு முன்னால் ஒரு தாம்பாளம், தாம்பாளத்தில் என் ஃபைலிலிருந்த அத்தனை பேப்பரும் பூ வைத்து அடுக்கியிருந்தது. ஆபர் லெட்டரின் நான்கு மூலையிலும் மஞ்சள். கோடு கிழித்த அரசாங்க விதியின் நான்கு மூலையிலும் மஞ்சள். கல்யாணப் பத்திரிகையே தோற்றுவிடும்.

நடுவில் என் ஓசிஐ திறந்து கிடந்தது. அதன் மூலைகளிலும் மஞ்சள், நன்றாகக் குழைத்து, தண்ணீர் விட்ட மஞ்சள். அது போதாதென்று, போட்டோவில் என் நெற்றியில் வட்டமாக, அழகாக, ஒரு குங்குமப் பொட்டு.

“அத்தை... என்ன இது?”

“சாமி கும்புட்டேம்ட்டி. நாளைக்கு மொத நா வேலைக்குப் போற, காகிதத்த வெறுமனே எடுத்துட்டுப் போவக் கூடாதுல்லா.”

“போட்டோவுல...”

“அதான் எனக்கும் மனசு ஆவல. சொமங்கலிப் பொண்ணு, நெத்தி பாழா இருந்துச்சு. ஒரு பொட்டு வச்சேன். இப்பப் பாரு, எம்புட்டு லட்சணமா இருக்க!”

லட்சணமாகத்தான் இருந்தேன். அதை மறுக்க முடியாது.

நிதானமான ஒரு பெண்ணாக இருந்தால் அந்த இடத்தில் என்ன செய்திருப்பாள்? காயவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மிச்சமிருப்பதை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போயிருப்பாள். நான் ஈரத்துணியால் துடைத்தேன். மூலையிலிருந்த மஞ்சள் பக்கம் முழுக்க நடந்துபோயிற்று. குங்குமம் நெற்றியிலிருந்து புருவத்துக்கு இறங்கியது. பாத்ரூமுக்கு ஓடினேன், துணி சோப்பைக் குழைத்தேன், விரலில் தொட்டுத் தேய்த்தேன்.

மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவந்துவிடும் என்பது தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் பாத்திரம் கழுவுகிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சாம்பார் சிந்திய சட்டைகளில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் பதற்றம் வந்தால் என் மூளை கேஷுவல் லீவு போட்டுவிடும். கண்ணெதிரே அந்தப் பக்கம் மூலைக்கு மூலை செக்கச்செவேலென்று ஆனது. போட்டோவில் என் நெற்றி, யாரோ கட்டையால் போட்டுப் பிளந்தது போல் ஆயிற்று. அரசாங்கத்தின் ஆவணத்தில் நான் ஒரு அடிதடி கேஸில் அகப்பட்டவள் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தேன்.

பாலா எட்டிப் பார்த்தார். “அடிப்பாவி, தொவச்சிட்டியா?” என்றார்.

“பேசாதீங்க. ஏதாச்சும் வழி சொல்லுங்க லா!” என்று கத்தினேன். (கோபம் வந்தால் எனக்குள்ளிருந்து கிள்ளான் வெளியே வந்துவிடும்.)

வழி சொன்னது அத்தைதான். “மஞ்சக்கறைக்கு வெயிலுதான்ட்டி மருந்து. செத்த நேரம் காயப் போடு, இருந்த எடம் தெரியாமப் போயிரும்.” அதில் தப்பே இல்லை, மஞ்சள் கறை வெயிலில் போகும் என்பது நிஜம். நல்ல தண்ணீரில் சோப்பை ஒற்றியெடுத்துவிட்டு, சமையலறை ஜன்னலுக்கு வெளியே கட்டியிருந்த கொடியில், பாலாவின் பனியனுக்கும் ஒரு தலையணை உறைக்கும் நடுவே, புத்தகத்தை விரித்து இரண்டு கிளிப் மாட்டினேன். சிவப்பு நிஜமாகவே குறைய ஆரம்பித்தது. அத்தை டீ போட்டுக் கொடுத்தார். உட்கார்ந்து இரண்டு வாய் குடித்திருப்பேன்.

மும்பையில் வசிப்பவர்களுக்குப் புறாக்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று படபடவென்று வந்து கொடியில் உட்கார்ந்தது. கொடி தாழ்ந்தது, கிளிப் தெறித்தது. பனியன் இருந்த இடத்தில் இருந்தது. தலையணை உறை இருந்தது. என் வேலை மட்டும் கீழே போயிற்று.

தரைக்குப் போயிருந்தால்கூட ஓடிப்போய்ப் பொறுக்கியிருப்பேன். நேராக இரண்டாவது மாடி ஜன்னலுக்கு மேல் இருக்கிற சஜ்ஜாவில் விழுந்தது. சஜ்ஜா என்றால் மழைக்காக ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் சிமெண்ட் பலகை. மும்பைக் கட்டடங்களில் அது ஒரு தனி உலகம். தொலைந்த சாக்ஸ், கிரிக்கெட் பந்து, போன தீபாவளி ராக்கெட், தலைமுறை தலைமுறையாகப் புறா எச்சம் எல்லாம் அங்கேதான் இருக்கும். அதன் நடுவில் என் ஓசிஐ கவிழ்ந்து படுத்திருந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. எல்லாரிடமும் ஆலோசனை இருந்தது. ஒருவர் ஃபயர் பிரிகேடைக் கூப்பிடச் சொன்னார். இன்னொருவர் காந்தம் கட்டி இறக்கச் சொன்னார். (பேப்பரை!) வாட்ச்மேன் கீழே நின்று, “மூணாவது மாடி மலேசியா கீழ விழுந்துடுச்சு” என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அத்தை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சப்பாத்திக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு பெரிய உருண்டை எடுத்தார். துணி காயப்போடுகிற நீளக் கம்பின் நுனியில் அதைக் கொழுக்கட்டை மாதிரி அப்பினார். ஜன்னல் கம்பிக்கு இடையில் கையை விட்டு, கம்பை மெல்ல இறக்கி, புத்தகத்தின் முதுகில் வைத்து அழுத்தினார். “மூச்சு விடாதிய எல்லாரும்” என்றார். மூன்று மாடி ஜன்னலும் மூச்சை அடக்கிக்கொண்டது. மாவில் ஒட்டிக்கொண்டு புத்தகம் மேலே வந்தது. எதிர்ப் பில்டிங்கில் யாரோ கைதட்டினார்கள்.

கையில் வாங்கிப் பார்த்தேன். மஞ்சள், குங்குமம், சோப்பு, புறா எச்சம், இப்போது கோதுமை மாவு. உப்புப் போட்டால் அடுப்பில் ஏற்றிவிடலாம். பாலா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது வேறு.

“உங்களுக்கெல்லாம் இது வெளையாட்டு” என்று அத்தையைப் பார்த்துக் கத்தினேன். “நீங்க இந்த ஊர்க்காரங்க, உங்கள யாரும் கேக்க மாட்டாங்க. நான் இங்க இருக்கலாம்னு சொல்றதுக்கு எனக்கு இருந்தது இந்த ஒரே ஒரு புக்குதான். அதையும் பூஜை பண்ணி அழிச்சிட்டீங்க.”

அத்தை கம்பு நுனியிலிருந்து மாவைச் சுரண்டிக்கொண்டே நின்றார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கையில் இட்லித் தட்டு.

“கல்யாணமாகி நா இங்க வந்தப்ப, ஊர்ல எங்கப்பா வீட்டு ரேஷன் கார்டுல எம் பேர அடிச்சிட்டாவ. இங்க ஒம் மாமா கார்டுல ரேஷன் ஆபீஸ்காரன் ஏத்த மாட்டேனுட்டான். அந்தக் காகிதம் கொண்டா, இந்தக் காகிதம் கொண்டான்னு அலைய விட்டான். ரொம்ப நாளு நா எந்தக் கார்டுலயும் இல்ல பாத்துக்க. அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. அரிசி வாங்கப் போனா, நீ யாருன்னு கேப்பான். எனக்கு உசிரே போயிரும்.”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“கடசியில பேரு ஏறிச்சு. அன்னைக்குத்தான் அந்தக் கார்டுக்கு மஞ்ச வச்சு வெளக்குக்கு முன்னால வச்சேன். இன்னைக்கும் அலமாரியில கெடக்கு, போய்ப் பாரு. நேத்து ஒம் பொஸ்தகத்தப் பாத்ததும் எனக்கு அதுதான் நெனப்பு வந்துச்சு. நல்லதுதான் பண்ணுதோம்னு பண்ணிட்டேன். நா என்னத்தக் கண்டேன்?” என்றார். இட்லித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், இதை நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. சீரியல் பார்த்து அழுத நேரத்தில் பாதியை இதற்குச் செலவழித்திருக்கலாம். “சோப்புப் போட்டது நான்தானே அத்தை” என்றேன். “ஆமா, அது நீதான்” என்றார் உடனே. அந்தப் பழியை ஏற்றுக்கொள்ள அவருக்கும் விருப்பமில்லை. இட்லியை இரண்டு பேரும் பகிர்ந்து சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை காலை எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டு விக்ரோலிக்குப் போனேன். ஷிண்டே மேடத்துக்கு ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் சங்கிலியில் தொங்குகிற கண்ணாடி, சிரித்துப் பழகாத வாய். நிலேஷ் பக்கத்தில் நின்றிருந்தார். நான் பாஸ்போர்ட்டை நீட்டினேன். கோடு கிழித்த விதியை நீட்டினேன். பிறகு, கண்ணை மூடிக்கொண்டு, புத்தகத்தை நீட்டினேன்.

நிலேஷ்தான் முதலில் பார்த்தார். தன் ஸ்கேனைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மறுபடி ஸ்கேனைப் பார்த்தார். “மேடம்,” என்றார் ஷிண்டே மேடத்திடம், ரகசியக் குரலில். “வெள்ளிக்கிழமை ஸ்கேன்ல பிந்தி இல்ல. ஒரிஜினல்ல பிந்தி இருக்கு.” பொட்டைத்தான் அப்படிச் சொன்னார்.

ஒரு கம்பெனியின் வரலாற்றில் இப்படி ஒரு வாக்கியம் வேறெங்கும் உச்சரிக்கப்பட்டிருக்காது. வெயிலில் மஞ்சள் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. மூலைகளில் மட்டும் இளஞ்சிவப்பாக நின்றது. ஆனால் குங்குமம் போகவில்லை. துவைத்துக் காயவைத்ததில் அது அசல் சிவந்த பொட்டாகவே என் நெற்றியில் நிலைத்துவிட்டிருந்தது, கொஞ்சம் இடது பக்கம் சாய்வாக.

“இதைத் திருத்தியிருக்கீங்களா?” என்று ஷிண்டே மேடம் கேட்டார்.

வீட்டிலிருந்து வரும்போது ரயிலில் நான் மூன்று விதமான பொய்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோய் உண்மை முழுதாகக் கொட்டிவிட்டது. என் காய்கறி இந்தியில், தாம்பாளத்திலிருந்து தொடங்கி, சோப்பு, புறா, சஜ்ஜா, மாவு உருண்டை வரைக்கும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். புறா வந்த இடத்தில் நான் பறந்தும் காட்டினேன் என்று நிலேஷ் பிற்பாடு சொன்னார். எனக்கு ஞாபகமில்லை.

ஷிண்டே மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தின் மூலையை நகத்தால் சுரண்டினார். மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தார். தையலில் ஒட்டியிருந்த ஒரு துளி காய்ந்த மாவை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார்.

“ஹளத்” என்றார். அது மராத்தியில் மஞ்சள். பிறகு நிலேஷைப் பார்த்து, “என் மாமியார் நான் முதல்முதலா கோர்ட்டுக்குப் போனப்ப என் கறுப்புக் கோட்டுல குங்குமம் வச்சுட்டாங்க. அது கடைசி வரைக்கும் போகல” என்றார். அந்த வாய் சிரிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

“ஆனா மேடம், டாகுமென்ட்...” என்று நிலேஷ் இழுத்தார்.

“நம்பர் தெளிவா இருக்கு. பேர் இருக்கு. பாஸ்போர்ட்டோட ஒத்துப்போகுது. விதி இவங்க கொண்டுவந்தது சரிதான், நானும் பாத்துட்டேன்” என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினார். “அப்புறம் ஒண்ணு யோசி. போலிக் காகிதத்த எவளாவது சாமி முன்னால வச்சு மஞ்சள் பூசுவாளா?”

சேதமானதைக் கொடுத்துப் புதுப் புத்தகம் வாங்கிவிட வேண்டும் என்று ஷிண்டே மேடம் எனக்குக் கண்டிப்பாகச் சொன்னார். எல்லா சாமி மேலும் சத்தியம் செய்தேன். கம்ப்யூட்டரில் எனக்கு எந்தக் கட்டம் என்கிற பிரச்சினையை அவரே தீர்த்துவைத்தார். ‘வெளிநாட்டவர்’ என்பதை அழுத்திவிட்டு, கீழே குறிப்பு எழுதுகிற இடத்தில், ‘ஓசிஐ, ஒர்க் விசா தேவையில்லை’ என்று அடிக்கச் சொன்னார். நிலேஷ் மிகவும் நேர்மையான பையன். அதோடு தானாக ஒரு வரி சேர்த்தார்: ‘ஒரிஜினல் பார்க்கப்பட்டது. போட்டோவில் பிந்தி உள்ளது.’

அந்த வரி இன்றும் என் பெயருக்கு நேராக இருக்கிறது. எச்.ஆருக்குப் புதிதாக யார் வந்தாலும் ஒருநாள் தயங்கித் தயங்கி என் மேஜைக்கு வந்து, என் நெற்றியைப் பார்த்துவிட்டு, “மேடம், ஒரு விஷயம் கேக்கலாமா?” என்பார்கள். நானும் தாம்பாளத்திலிருந்து ஆரம்பிப்பேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது வாட்ச்மேன் கேட்டைத் திறந்து, “நௌக்ரி மிலா?” என்று கேட்டார். வேலை கிடைத்தது என்றேன். மேலே பார்த்து ஒரு கூவல் விட்டார். ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. மூன்றாவது மாடியிலிருந்து அத்தை எட்டிப் பார்த்து, “எனக்குத் தெரியும்ட்டி! மஞ்ச வச்சது வீண் போவுமா?” என்றார், முதல்நாள் எதுவுமே நடக்காத மாதிரி.

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு ஒரு சட்டம் வந்தது. மஞ்சள் ஜெராக்ஸுக்குத்தான், ஒரிஜினலுக்குக் கிடையாது. நாத்தனார் மகன் கல்லூரியில் சேர்ந்தபோதும், பாலாவுக்குப் பதவி உயர்வு வந்தபோதும், சாமிக்கு ஜெராக்ஸ்தான் போயிற்று. சாமி அட்டெஸ்டேஷன் கேட்காமல் ஏற்றுக்கொண்டார். பக்கத்து ஊரான கல்யாணிலிருந்து நாத்தனார் போன் செய்தால், முதல் கேள்வியே “சோப்பு எந்தப் பக்கம் இருக்கு?” என்பதுதான்.

சில மாதம் கழித்து புது ஓசிஐ தபாலில் வந்தது. பளபளவென்று, கறையில்லாமல், மாவு வாசனை இல்லாமல். அத்தை ஒரு ஜெராக்ஸை ஒரு கையிலும் மஞ்சள் கிண்ணத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, சட்டத்துக்குக் கட்டுப்பட்டவராக, தள்ளியே நின்றார். நான் கவரைப் பிரித்துப் புத்தகத்தை எடுத்தேன். பின் அட்டைக்கு உள்பக்கம் எழுத்து எதுவும் இல்லாத ஒரு ஓரம் இருந்தது. அதைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன்.

“இதுல வைங்க அத்தை. கொஞ்சமா.”

“ஒரிஜினல்லயாட்டி?”

“ஒரிஜினல்லதான்.”

விரல் நுனியில் தொட்டு, பயந்து பயந்து, கடுகளவு வைத்தார். வைத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். “போட்டோவுல...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“அதுல நீங்க ஒண்ணும் வைக்க வேண்டாம்” என்றேன். “இந்தத் தடவை பொட்டோடயே எடுத்துட்டேன்.”

அத்தை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து பாலா, “யாராவது மொதல்ல சோப்ப எடுத்து ஒளிச்சு வைங்கப்பா!” என்று கத்தினார்.